வீட்டிலேயே பாடம், வீட்டிலேயே துப்பாக்கி: வடசென்னைப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிற பெற்றோர் துப்பாக்கி வைத்துக்கொள்வதா, வெளியே போகும்போது இடுப்பில் மாட்டிக்கொள்வதா என்பது அமெரிக்காவில் சாதாரணமாக எழுகிற பேச்சு. அங்கே அது, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிற அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தில் போய் நிற்கும். இங்கே பேசுவது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். லைசென்ஸும் கேட்டவருக்கெல்லாம் கிடைத்துவிடாது.

ஆனாலும் ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் சில வீடுகளில் துப்பாக்கி இருக்கத்தான் செய்கிறது. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து வங்கியிலோ பணம் ஏற்றும் வேனிலோ கன்மேன் வேலை பார்ப்பவர் வீட்டில் '12 போர்' (12 bore, குழல் அளவைக் குறிக்கும் பெயர்) துப்பாக்கி இருக்கும். தாத்தா காலத்து இரட்டைக்குழல் சில வீடுகளில். ரைஃபிள் கிளப்புக்குப் போகிற பிள்ளை உள்ள வீடு என்றால் ஏர் ரைஃபிள். இந்த மாதிரி வீட்டில் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

மற்ற வீடுகளில் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் கிளம்பினால் நாலு மணி வரை வீடு காலி. துப்பாக்கியைத் துடைப்பது, தோட்டாவை எண்ணுவது, பீரோவை அடுக்குவது எல்லாம் அந்த நேரத்தில் முடிந்துவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் காலி நேரமே கிடையாது. போதாததற்கு, எந்த டிராயரில் என்ன இருக்கிறது என்று அதற்குத்தான் முதலில் தெரியும். கல்வி நிலைய வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்று லைசென்ஸ் நிபந்தனை சொல்கிறது. உங்கள் சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடமாகிவிட்டதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. அந்த விதியை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது

சென்னை மாநகரில் லைசென்ஸ் தருவது காவல் ஆணையர், மாவட்டங்களில் ஆட்சியர். மணலி, செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் 2022 முதல் ஆவடி ஆணையரகத்தில் வருகிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து மணலிக்குக் குடிபோனால் முகவரி மட்டுமில்லை, லைசென்ஸ் அதிகாரியே மாறுகிறார். சாமான் ஏற்றும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸ்தாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். 21 வயது ஆகாதவர் துப்பாக்கியை வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது. பயிற்சிக்காக, விதிகள் சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சுடுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. "சும்மா பிடிச்சுப் பாருடா" என்று பதினைந்து வயதுப் பையன் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பது அந்த விலக்கில் வராது.

பலரும் கவனிக்காத ஒன்று: லைசென்ஸ் ஒருவர் பெயருக்குத்தான். அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்தால் அம்மாவுக்கு அந்தத் துப்பாக்கியைக் கையாள உரிமை வந்துவிடாது. நாள் முழுக்கப் பாடம் நடத்துகிறவர் அம்மா என்றால் லாக்கர் சாவி அவரிடம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவரிடம் இல்லாமல் இருப்பதே நல்லது.

பூட்டுவது எப்படி

பீரோவைத் துப்பாக்கி லாக்கர் என்று நினைக்க வேண்டாம். அது நாளைக்குப் பத்து முறை திறக்கிற சாமான். புடவை, நகை, பத்திரம், பிள்ளைகளின் பர்த்டே டிரஸ் எல்லாம் அதில்தான். சாவி எங்கே இருக்கும் என்று வீடு மொத்தத்துக்கும் தெரியும்: சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவில், தலையணை உறைக்குள், இல்லையென்றால் கதவுக்கு மேல் ஆணியில். வீட்டில் இருக்கிற கடைக்குட்டியிடம் "அப்பா சாவி எங்க வெப்பாரு?" என்று விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள். சரியாகக் காட்டினால் அன்றைக்கே இடத்தை மாற்றுங்கள்.

தனி இரும்பு லாக்கர் வேண்டும். பதினைந்து கிலோ லாக்கரை அப்படியே தூக்கிப் போய்விட முடியும் என்பதால் சுவரோடு சேர்த்து முடுக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பழைய குடியிருப்புகளில் அறைகளுக்கு நடுவில் இருப்பது நாலரை அங்குலச் செங்கல் சுவர். அதில் போல்ட் நிற்காது, இழுத்தால் பூச்சோடு பெயர்ந்து வரும். வெளிச்சுவரான ஒன்பது அங்குலச் சுவரையோ கான்கிரீட் தூணையோ பாருங்கள். 10 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு. பூச்சைக் கணக்கில் சேர்க்காமல் சுவருக்குள் மூன்று அங்குலம் இறங்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் ஆங்கர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், பிடிக்காது. அங்கே மறுபக்கம் வரை துளைத்து, பின்னால் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும். வாடகை வீடு என்றால் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு மாதிரி மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடங்களில் தரையோடு லாக்கர் வேண்டாம். போன மழைக்குச் சுவரில் விழுந்த தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு அடி மேலே வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய நிலை வரும் என்று தெரிந்தால், தண்ணீர் ஏறும் முன்பே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். நிவாரண முகாமுக்கு எடுத்துப்போகிற சாமான் இல்லை அது.

லாக்கருக்குள்ளும் துப்பாக்கி முழுதாக இருக்கக் கூடாது. இரட்டைக்குழலில் இது சுலபம்: முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். குழல் ஒரு லாக்கரில், கட்டையும் விசைப் பகுதியும் இன்னொன்றில். போல்ட் ரைஃபிள் என்றால் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) மட்டும் உருவித் தனியாகப் பூட்டினால் போதும். பணம் செலவில்லாத வழி, பூட்டைவிட பலமானதும் இதுதான். கைத்துப்பாக்கியை இப்படிப் பிரித்து வைப்பது தினப்படி நடக்காது. அதற்குக் கேபிள் பூட்டு (இரும்பு வடத்தைத் துப்பாக்கிக்குள் நுழைத்துப் பூட்டுவது) போடுங்கள். டிரிகரை மட்டும் மூடுகிற பூட்டை ஒருநாளும் தோட்டா போட்ட துப்பாக்கியில் மாட்டாதீர்கள். மாட்டும்போதே டிரிகரில் படும்.

தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில், முடிந்தால் வேறு அறையில். இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி வளையம் என்றால் அது ஒரு பூட்டுதான். நம்பர் லாக்கருக்குப் பிறந்தநாள், திருமண நாள், வண்டி நம்பர் வேண்டாம். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு முதலில் மனப்பாடம் ஆகிற எண்கள் அவைதான். மலிவான கைரேகை லாக்கர்களைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வேர்த்த விரலை ஏற்காது, பேட்டரி தீர்ந்தால் திறக்காது, அதனால் மாற்றுச் சாவியைப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவிடுவார்கள். அதோடு பூட்டு இருந்தும் பிரயோசனமில்லை. மாற்றுச் சாவியை உறையில் போட்டு ஒட்டி வங்கி லாக்கரில் வைப்பதே சரி.

வீடியோ வகுப்பு நடக்கும்போது கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் ஒரு தடவை கவனியுங்கள். பிள்ளையின் தலைக்குப் பின்னால் லாக்கர் தெரிந்தால் மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

உப்புக்காற்றும் ஈரமும்

காசிமேடு, எண்ணூர் கடலோரத்தில் இரும்புக்குத் துரு சீக்கிரம் ஏறும். தோல் உறையிலோ ஸ்பாஞ்சு வைத்த பெட்டியிலோ துப்பாக்கியை நாள்கணக்கில் வைக்காதீர்கள். இரண்டுமே ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டி வைக்கும். லாக்கருக்குள் சிலிக்கா ஜெல் கால் கிலோ போடுங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். அது பச்சையாக மாறினால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

எண்ணெய் குழலுக்குத்தான், தோட்டாவுக்கு இல்லை. தோட்டாவின் பித்தளை அடியில் எண்ணெய் பட்டால் நடுவில் இருக்கும் பிரைமருக்குள் (தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மூடி) கசிந்து போகும், பிறகு அது வெடிக்குமா வெடிக்காதா என்று சொல்ல முடியாது. பித்தளை பச்சை பிடித்தாலோ பிளாஸ்டிக் உப்பியிருந்தாலோ அந்தத் தோட்டாவை லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் கொடுங்கள். குப்பையில் போட வேண்டாம். கொடுங்கையூர் கிடங்கில் அதைக் கையால் பொறுக்குகிறவரும் ஒருவர் வீட்டுப் பிள்ளைதான்.

வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் பத்து நிமிடம்

கன்மேன் வேலை பார்ப்பவர் வீட்டில் நாள் முழுக்க இருக்கிற ஆபத்தைவிட அவர் வாசலில் கால் வைக்கிற நேரத்து ஆபத்து பெரிது. பகல் பூராவும் அம்மாவோடு கணக்குப் போட்டுச் சலித்த பிள்ளை, வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். தோளில் உறையில் துப்பாக்கி, ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை. அவர் பையை இறக்கித் துப்பாக்கியைச் சுவரில் சாத்துவார். "இருடா, கை கழுவிட்டு வரேன்" என்பார். அந்த இரண்டு நிமிடம் போதும்.

தோட்டாவை வேலையிடத்திலேயே இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தெருவில் துப்பாக்கி முழுக்க உறைக்குள் மூடியிருக்கணும், உங்கள் கைப்பிடியை விட்டுப் போகக் கூடாது. ஷேர் ஆட்டோவில் காலடியில் படுக்க வைப்பது கைப்பிடி ஆகாது. தெருமுனைக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டுவிடுங்கள். அம்மா பிள்ளைகளை உள்ளறையில் உட்கார வைக்கட்டும். நேராக லாக்கர் அறை, கதவுக்கு உள்தாழ்ப்பாள், அங்கே மறுபடியும் சோதனை. பூட்டிய பிறகுதான் செருப்பைக் கழற்றுவதும் பிள்ளையைத் தூக்குவதும்.

சோதிக்கும் முறை துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். எல்லாவற்றுக்கும் பொதுவானது: விரல் டிரிகர் கூட்டுக்கு வெளியே, குழல் வாய் ஆள் இல்லாத பக்கம். வடசென்னை வீட்டில் ஆள் இல்லாத பக்கம் என்று ஒன்று இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை, மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். அதனால் லாக்கர் அறையில் ஒன்றரை அடி உயரத்துக்கு மணல் அடித்த டிரம் ஒன்று வைத்து, குழலை அதற்குள் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சோதிக்க வேண்டும்.

இரட்டைக்குழல்: நெம்புகோலைத் தள்ளி மடித்துத் திறந்து, குழலில் தோட்டா உட்காரும் இரண்டு அறையையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். இருட்டில் கண் ஏமாற்றும். ரிவால்வரில் உருளையைத் திறந்து எல்லாத் துளையும் காலியா என்று எண்ணுங்கள். பிஸ்டலில் வரிசை முக்கியம்: முதலில் மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டி) எடுத்து, அதற்கப்புறம் ஸ்லைடை (பின்னால் நகரும் மேல்பகுதி) இழுக்க வேண்டும். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால் ஒரு தோட்டா வெளியே வந்து விழும், இன்னொன்று மேகசினிலிருந்து ஏறி அறைக்குள் உட்காரும். பிறகு மேகசினை உருவிவிட்டு "காலி" என்று நினைப்பார்கள். காலி என்று நினைத்த துப்பாக்கி வெடித்ததற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வரிசைத் தப்புதான் இருக்கும்.

துடைக்கிற மேசை வேறு, எழுதுகிற மேசை வேறு

சுட்ட துப்பாக்கியின் குழலுக்குள் படிந்திருக்கிற கரியில் ஈயம் இருக்கும். ஏர் ரைஃபிளின் குண்டும் பெரும்பாலும் ஈயம்தான். எழுதுகிற, சாப்பிடுகிற மேசையில் செய்தித்தாள் விரித்துத் துடைத்துவிட்டு மடித்துப் போடுவது போதாது. மொட்டை மாடியிலும் பிள்ளைகள் பட்டம் விடுகிற இடத்தில் வேண்டாம். தனிப் பலகை, தனித் துணி, துடைத்த துணியைக் கட்டிக் குப்பையில் போட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிய பிறகு பிள்ளைகளிடம் போங்கள். கிளப்பில் சுட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கும் இதே விதி: கை கழுவாமல் சமோசாவைத் தொடக் கூடாது.

ஏர் ரைஃபிள்

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றபின், பிள்ளையை இந்த விளையாட்டில் சேர்க்கலாமா என்று கேட்கிற வீடுகள் உண்டு. வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இது நன்றாகவே ஒத்துப்போகும். பகலில் கிளப் காலியாக இருக்கும். 4.5 மி.மீ. குழலுக்கு மேற்படாத, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைஃபிளின் சக்தி 8 ஜூல் அளவில்தான். அதனால் அது பொம்மை என்று ஆகிவிடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும், குண்டுகளைத் தனியாக.

மாடியில் அட்டை மாட்டிச் சுடவே வேண்டாம். இங்கே மாடியோடு மாடி ஒட்டியிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் குண்டு போடாமல் நிற்கிற நிலை, மூச்சு, குறி மட்டும் பழகட்டும். சுடுவது கிளப்பில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது.

பிள்ளைகளிடம் சொல்வதும் அடுத்த வீட்டில் கேட்பதும்

துப்பாக்கியைப் பார்த்தால், "தொடாதே, அங்கே நிற்காதே, வந்து சொல்லு." மூன்றையும் நாலு வயதிலிருந்தே சொல்லலாம். தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வாங்கும்போது ஆள் முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது என்பதையும் அப்போதே பழக்குங்கள். ஆனால் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பூட்டைத் தளர்த்தாதீர்கள். நன்றாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளையும் தனியாகத் துப்பாக்கியைப் பார்த்தால் தொடும். பாடம் கூடுதல் காவல்தான், பூட்டுக்கு மாற்று இல்லை.

வீட்டில் படிக்கிற பிள்ளைகளை நாலு குடும்பம் சேர்ந்து முறைவைத்துப் பார்த்துக்கொள்வது இப்போது நடக்கிறது. பிள்ளையை விடும் முன் கேட்டுவிடுவது நல்லது. தனியாகக் கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும், மற்றதோடு சேர்த்துக் கேளுங்கள்:

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பசங்க நாள் பூரா உங்க வீட்ல இருக்கப் போறாங்க, அதான் கேக்கறேன். நாய் கட்டிப் போட்டிருக்கீங்களா, சம்ப்புக்கு மூடி இருக்குதா, வீட்ல துப்பாக்கி கிப்பாக்கி எதனா இருக்குதா?"

"அவரு கன்மேன் வேலைக்குப் போறாரும்மா, இருக்குது. பூட்டித்தான் வெச்சிருக்காரு."

"தோட்டாவும் தனியா பூட்டிருக்காருல்ல? சாவி யாருகிட்ட இருக்குது?"

தோட்டா, சாவி பற்றிய கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அந்த வாரம் பாடத்தை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வெளியே போகும்போது

பிள்ளைகளோடு கன்னிமாரா நூலகத்துக்கோ எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ போகிற நாளில் துப்பாக்கி வீட்டு லாக்கரில்தான் இருக்க வேண்டும். பொருட்காட்சி, கோயில் ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் எதற்கும் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போகக் கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனை. திருவொற்றியூர் மாசித் திருவிழாவும் இதில் அடக்கம்.

இதில் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதுகிறார்கள். தேர்வு மையம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடமாக இருக்கும். டூட்டி முடித்து அப்படியே பிள்ளையைக் கூப்பிடப் போகிற கன்மேன் அப்பா, தோளில் உறையோடு அந்த கேட்டைத் தாண்டக் கூடாது. அன்றைக்குச் சித்தப்பாவையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ அனுப்புங்கள்.

துப்பாக்கி வீட்டைவிட்டுப் போக வேண்டிய நேரம்

வீட்டில் யாராவது, பெரியவரோ பதின்வயதுப் பிள்ளையோ, மனசு உடைந்து போயிருந்தால், பேச்சில் வாழ்க்கை வெறுத்த தொனி வந்தால், பூட்டு மேல் பூட்டு போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அன்றைக்கே துப்பாக்கியையும் தோட்டாவையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் குடிப்பழக்கம், தினச்சண்டை இருந்தாலும் இதேதான்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைக் குடும்பத்தார் அப்படியே பரணில் வைத்திருக்கக் கூடாது. உடனே ஒப்படைக்க வேண்டும். வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் இடமுண்டு. யாருக்கும் ஆசை இல்லையென்றால் லைசென்ஸ் பெற்ற கடைக்கு முறைப்படி விற்றுவிடலாம்.

ஒப்படைக்க இரண்டு இடம்: காவல் நிலையம், அல்லது பாதுகாத்து வைக்க அனுமதி உள்ள ஆயுதக் கடை. தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வதால் நிலையத்தில் கூட்டம் இருக்கும், அவசரத்தில் சீட்டு எழுதித் தருவார்கள். ரசீதில் துப்பாக்கியின் வரிசை எண்ணும், என்ன ரகம் என்பதும், தோட்டா எத்தனை என்பதும் எழுதி முத்திரையோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தோட்டா எண்ணிக்கையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். திரும்ப வாங்கும்போது கணக்கு உதைக்கும்.